காலியாக இருந்தும் நிரம்பிய டிஸ்க்

என் மனைவி மனிதர்களை நம்பாதவள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நம்புகிறாள். ஆனால் சரிபார்த்துவிட்டு நம்புகிறாள். பாலைக் காய்ச்சிவிட்டேன் என்று நான் சொன்னால், 'சரி' என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் இதெல்லாம் என்மேல் உள்ள சந்தேகம் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் கவனித்தால், தான் பூட்டிய பூட்டையும் அவள் இழுத்துத்தான் பார்க்கிறாள். அதோடு நான் ஊடலைக் கைவிட்டுவிட்டேன்.

அவளுக்கு வேலை ஒரு ஒலிநூலகத்தில். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை யாராவது சத்தமாகப் படிப்பார்கள். அது பதிவாகி ஒரு கம்ப்யூட்டரில் சேரும். கேட்க விரும்புகிறவர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் சர்வர் என்று பெயர். அதைக் கட்டி மேய்ப்பது என் மனைவி. அவள் சர்வர் வேலை பார்க்கிறாள் என்று நான் ஒருமுறை சொல்லப்போய், என் சித்தப்பா எந்த ஓட்டலில் என்று கேட்டார். அன்றிலிருந்து நான் 'கம்ப்யூட்டர் வேலை' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

நூலகத்தில் அவளுக்கு ஆடிட்டர் என்று பட்டப்பெயர். கணக்குப் படித்தவள் இல்லை. ஆனால் டிஸ்க்கில் யார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். ஒருவர் தன் மச்சினன் நிச்சயதார்த்த வீடியோவைச் சத்தம் போடாமல் அதில் போட்டு வைத்திருந்தார். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும், "மாப்பிள்ளை நல்லா இருக்காரு சார். வேற எங்கயாவது வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் அதன்பிறகு பேனாவைக்கூட அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வைப்பதில்லை.

சர்வர் இருப்பது கட்டடத்தின் பின்பக்கம், முன்பு பழைய திரைச்சீலைகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையில். ஜன்னல் கிடையாது. எப்போதும் ஏ.சி. ஓடும். உட்கார ஒரு முக்காலி உண்டு. அதற்கு மெத்தை தைத்துக் கொடுத்தது நான். சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி மாற்றுவது என் தொழில். வெயில் நாட்களில் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிப் போய்விடுவேன். பாசம் என்று அங்கே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஏ.சி.தான் காரணம்.

இனி என் அம்மா. அம்மா தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குக் கேட்கவேண்டும் என்று பேசிப் பேசி, கணீரென்று ஒரு குரல். அந்தக் குரலைச் சும்மா வைத்திருக்கவும் அவருக்குத் தெரியாது. பஸ் கண்டக்டரோடு, பால்காரரோடு, டீவியில் மழை வரும் என்று சொல்கிற ஆளோடுகூடச் சண்டை பிடிப்பார். பெரும்பாலும் அம்மா பக்கம்தான் நியாயம் இருக்கும். அதனால் எதிராளிக்கு இரட்டை எரிச்சல்.

அம்மாவை நூலகத்துக்குப் புத்தகம் படிக்கக் கூட்டிக்கொண்டு போனதே என் மனைவிதான். "வீட்ல எங்ககிட்ட கத்தறத அங்க போயி மைக்ல கத்துங்க அத்தை. நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றாள். அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. மாமியாரும் மருமகளும் ஒரே ஸ்கூட்டரில் போய் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். ஸ்கூட்டர் என்னுடையது. நான் கடைக்கு நடந்தேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண் விழுந்தது.

அது ஒரு விடுமுறை வாரம், போனில் புத்தகம் கேட்பதற்கும் லீவு. என் மனைவி தன் தங்கை கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தாள். படிக்கிறவர்கள் யாரும் வரவில்லை, அம்மாவைத் தவிர. ஒரு தடித்த கப்பல் கதையின் பின்பாதியை அந்த வாரத்தில் முடித்துவிடுவது என்று அம்மா தினமும் போய் வந்தார். பதிவு செய்வதற்கு ஆள் வேண்டியதில்லை. அறைக்குள் போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், படிக்கலாம்.

மனைவி ஊரிலிருந்து திரும்பிய அன்று நூலகத்தில் ஒரே களேபரம். சர்வரில் புத்தகங்கள் ஒன்றுகூட இல்லை. இயக்குநர் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தாராம். இவள் போய் உட்கார்ந்து பார்த்தாள். அந்த வாரத் தொடக்கத்தில் கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் தானாக மறுபடி கிளம்பியிருக்கிறது. ஆனால் புத்தகங்கள் இருக்கும் பெரிய டிஸ்க்கை அது தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. இவள் ஒரே வரி தட்டி அதைச் சேர்த்தாள். எல்லாப் புத்தகங்களும் வந்துவிட்டன. கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தவள் தரையில் நடக்கவில்லை.

அம்மா மட்டும் கேட்டார். "நான் அந்த வாரம் பூரா படிச்சது?"

"பெரிய டிஸ்க்ல தேடிட்டேன் அத்தை. அந்த வாரத்துல ஒண்ணுமே இல்ல. சிவப்பு பட்டன அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன்."

"தினமுமா?"

"தினமும் அழுத்தினேன்மா."

"மெஷின்ல இல்லையே அத்தை."

இவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே முகத்தோடுதான் சொன்னாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதுதான் நடுநிலை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மா அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். இன்னொரு நாள் என்னை மாமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் முதலில் 'படிக்காததைப் படித்தேன் என்றார்' என்று ஒன்று இருந்ததால், மற்றவையெல்லாம் அதன் பின்னால் வரிசையில் வந்து நின்றுகொண்டன. என் அக்கா போனில் பேசும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன கெழமைம்மா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்க ஆரம்பித்தாள்.

"வேணாம்ப்பா. படிக்காதத படிச்சதா நெனச்சுக்கற அளவுக்கு ஆயிடுச்சு" என்று சொல்லி அம்மாவே நூலகத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அந்தக் கப்பல் கதையை வேறொருவர் படித்து முடித்தார்.

அம்மா சண்டை போடுவதும் நின்றுபோயிற்று. முதலில் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பெரிய பூந்தொட்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலை அடைத்து வைத்தார். அம்மா போய்க் கேட்டார். "அது எப்பவும் அங்கதாம்மா இருக்கு" என்று அவர் கூசாமல் சொன்னார். அம்மா ஒரு நிமிஷம் அந்தத் தொட்டியையே பார்த்துவிட்டு, "அப்படியா, இருக்கும்" என்று உள்ளே வந்துவிட்டார். சண்டை போடுவதற்குக்கூடத் தன்மேல் ஒரு நிச்சயம் வேண்டியிருக்கிறது.

போன மாதம் அம்மாவே ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கச் சொன்னார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். "அந்த மாதிரி ஆளுங்கள தங்க வச்சுப் பாத்துக்கற எடம் இருக்காமே. போறப்ப அதையும் விசாரிச்சுட்டு வந்துடலாம்" என்றார், ரேஷன் கார்டில் பேர் மாற்றுவது பற்றிப் பேசுகிற குரலில். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். நூலக வாசலில் இயக்குநர் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். சர்வர் படுத்துவிட்டது, யாரும் புத்தகம் கேட்க முடியவில்லை, கேட்கிறவர்கள் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும், "உள்ள இருக்காங்க. பேச்சுக் குடுக்காதீங்க" என்றார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா. அறைக்குள் போய்ச் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

"டிஸ்க் நிரம்பிடுச்சு" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஆனா நிரம்பல."

"சாப்ட்டுட்டுப் பாரேன்" என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவள் எரிச்சலோடு விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அந்தச் சர்வரில் இரண்டு டிஸ்க். புத்தகங்களுக்குப் பெரியது ஒன்று. சர்வர் தன் சொந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளும் சின்னது ஒன்று. நிரம்பியது சின்னது. இடத்தை அளக்க அவளிடம் இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, டிஸ்க்கையே கேட்கும்: மொத்தத்தில் எவ்வளவு கொடுத்திருக்கிறாய் என்று. இன்னொன்று, ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய் இருப்பதை எடுத்துக் கூட்டும். முதலாவது, 'ஒரு துளி இடம் இல்லை' என்கிறது. இரண்டாவது, 'பாதிகூட இல்லையே' என்கிறது. வாடகைக் குடியிருப்பின் காவலாளியைக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது என்கிறார். கதவு கதவாகத் தட்டினால் பாதி வீட்டில்தான் ஆள் இருக்கிறது. மீதி வீட்டில் யார்?

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றேன்.

"மெஷின் பொய் சொல்லாது."

"ரெண்டும் மெஷின்தானே."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கொண்டாடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவள் முகம் அதற்குத் தோதாக இல்லை.

வழக்கமான சந்தேகக் கேஸ்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரித்தாள். அழித்துவிட்ட ஃபைலை ஏதாவது புரோகிராம் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்குமாம். அப்போது ஃபைல் கண்ணுக்குத் தெரியாது, இடம் மட்டும் போயிருக்கும். எல்லாப் புரோகிராமையும் நிறுத்திக் கிளப்பினாள். இல்லை. நிர்வாகிக்கென்று டிஸ்க் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் இடம் கொஞ்சம் உண்டாம். அதையும் பார்த்தாள். அது கொசுறு. "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றேன். அதற்கு ஒரு பார்வை கிடைத்தது.

பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள். "கதவு கதவா போற கட்டளை இருக்குல்ல, அது ஒரு எடத்துல மட்டும் உள்ள போகாது."

"எங்க?"

"புஸ்தகம் இருக்கற ஃபோல்டர்ல. அங்க பெரிய டிஸ்க்க மாட்டியிருக்கேன். அது வேற டிஸ்க்குன்னு இது வாசலோட திரும்பிடும். ஆனா அந்த ஃபோல்டர் சின்ன டிஸ்க்குலதான் இருக்கு. பெரிய டிஸ்க் அதுக்கு மேல உக்காந்திருக்கு."

இது எனக்குப் புரிந்தது. பழைய சோபாத் துணியைப் பிரிக்காமல் அப்படியே மேலே புதுத் துணியை வைத்து அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அடித்துவிட்டால் கீழே இருப்பது கீழே இருக்கும், எடையும் இருக்கும், பார்க்கிறவர் கண்ணுக்குப் புதுத் துணிதான் தெரியும்.

"அதுக்கு அடியில என்ன இருக்கப்போகுது?" என்றேன்.

"ஒண்ணும் இருக்கக் கூடாது."

மேலே இருப்பதைக் கழற்றாமலே சின்ன டிஸ்க்கை வேறொரு வழியாகத் திறந்து பார்க்க ஏதோ ஒரு வித்தை இருக்கிறது. அதைச் செய்தாள். திரையில் சரசரவென்று ஃபைல்கள் வந்து நின்றன. பெரிய பெரிய ஃபைல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்துத் தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த விடுமுறை வாரம்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. கரண்ட் போய் வந்ததும் பெரிய டிஸ்க் கழன்று கிடந்திருக்கிறது. ஆனால் அதை மாட்டும் ஃபோல்டர் திறந்துதான் இருந்திருக்கிறது. பதிவு செய்ததெல்லாம் அதற்குள்ளேயே விழுந்திருக்கிறது. மிச்சமிருந்த இடத்தைச் சர்வரின் சொந்த வேலைகள் இந்த இரண்டு வருஷத்தில் மெல்ல மெல்ல அடைத்திருக்கின்றன. இவள் ஊரிலிருந்து வந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய டிஸ்க்கை அதன்மேல் மாட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். பூட்டிய பூட்டை எல்லாம் இழுத்துப் பார்க்கிறவள், வாழ்க்கையில் இழுத்துப் பார்க்காத பூட்டு அது ஒன்றுதான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் ஃபைலைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். கழற்றி என்னிடம் நீட்டினாள்.

அம்மாவின் குரல். கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம், செருமல். பிறகு அம்மா தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்: "சிவப்பு எரியுது. சரி. வந்த உடனே கேப்பா, அழுத்தினீங்களா அத்தைன்னு. அழுத்திட்டேன் தாயே, அழுத்திட்டேன்."

அதன்பிறகு, பாதிக் கதையில் நின்ற கப்பல் கிளம்புகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் தைத்த மெத்தையில் உட்கார்ந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். மூடியைத் திறந்தேனா என்று பார்க்காமலே வாங்கிக் குடித்தாள்.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அந்தப் புத்தகத்தத்தான் வேற ஒருத்தர் படிச்சு முடிச்சாச்சே. அழிச்சுடுங்க, எடம் கெடைச்சுடும்" என்றார்.

"அழிக்கறேன் சார். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி எடுத்துக்கறேன்" என்றாள் ஆடிட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் ஃபைலை யாரும் சொந்தத்துக்கு எடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவள். இயக்குநருக்கு அது உறைத்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் சர்வர் எழுந்துவிட்டது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "அத்தை, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு." வேண்டாம். "அத்தை, நீங்க சொன்னது சரிதான்." அதுவும் வேண்டாம். "நான் சொல்லட்டுமா?" என்றேன். "நீங்க பூசி மெழுகிடுவீங்க" என்றாள். உண்மைதான், அதில் எனக்கு நல்ல கைப்பழக்கம்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இவள் ஒத்திகை பார்த்தது ஒன்றையும் சொல்லவில்லை. லேப்டாப்பை மடித்த துணிகள் மேலேயே வைத்துத் திறந்து, அந்த முதல் ஃபைலை ஓட விட்டாள்.

நாற்காலி இழுபடும் சத்தம். செருமல். "அழுத்திட்டேன் தாயே, அழுத்திட்டேன்."

அம்மாவின் கை மடிப்பில் அப்படியே நின்றது. கப்பல் துறைமுகத்தைத் தாண்டி, புயல் ஒன்று வந்து, ஒரு மாலுமி பாய்மரத்தில் ஏறும்வரை கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இது எப்ப படிச்சது?"

"அந்த வாரம் அத்தை. எல்லாமே இருக்கு. ஒண்ணு விடாம படிச்சிருக்கீங்க. நான்தான் பாக்காம மேல வேற டிஸ்க்க மாட்டி மூடிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் படிச்சேன்" என்றார்.

"படிச்சீங்க."

"கனவு இல்ல."

"இல்ல அத்தை."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெண்டு வருஷமா என்னப் பாத்து நானே பயந்துக்கிட்டு இருந்தேன்டி." மருமகளை 'டி' போட்டு அம்மா அதுவரை கூப்பிட்டதில்லை. இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நான் நிற்பது அதிகப்படி என்று தோன்றியது. ஆனாலும் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். படித்த பெண் என்று சொல்லிக்கொண்டு, ஒரு மூடியைத் திறந்து பார்க்கத் தெரியாதா என்றார். தபால் ஆபீஸில் நான் பையைக் கவிழ்த்து உதறிப் பார்க்காமல் ஒரு நாளாவது சீல் வைத்திருப்பேனா என்றார். நான் வாயால் சொன்னது பொய், உன் பெட்டி சொன்னது மெய்யா என்றார். கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கேட்கிற அந்தப் பழைய குரல் கூடத்தை நிறைத்தது. தெருவிலும் கேட்டிருக்கும். என் மனைவி தரையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றுக்கும், "ஆமா அத்தை, தப்புதான் அத்தை" என்று தலையாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் வராதா என்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னடா சிரிக்கற? பெத்தவ சொன்னத நம்பாம தட்டப் பாத்து சாப்ட்டுக்கிட்டு இருந்தவன்தானே நீ? இரு, இவளுக்கு முடிச்சுட்டு உங்கிட்ட வரேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முறைக்காகக் காத்திருந்தேன்.